ஞானஸ்நானச் சீட்டு எதுக்குக் கேக்குறா?

பாஸ்கா திருவிழா முடிஞ்சு பத்து நாளு இருக்கும். வருஷம் அறுபத்திரண்டு. ஆவூர்ல தேர் இழுத்த வடத்தைக்கூட இன்னும் சுருட்டி உள்ள வைக்கல. போஸ்ட்மேன் நாகராசு சைக்கிளை வேப்பமரத்துல சாச்சுட்டு, "சூசையண்ணே, அமெரிக்காவுலேருந்து வந்துருக்கு"ன்னு சத்தம் போட்டான்.

வெதைக்கடலை உரிச்சுக்கிட்டு இருந்த சூசைமாணிக்கம் கைய வேட்டியில தொடச்சுட்டு எந்திரிச்சு வந்தாரு. கடுதாசிய வாங்குனவரு ஒடனே பிரிக்கல. பின்னாடி திருப்பி, பசை ஒட்டுன எடத்த நகத்தால தடவிப் பாத்தாரு.

"நான் ஒண்ணும் பிரிக்கலண்ணே."

"பிரிச்சேன்னு யார்றா சொன்னா?"

"சொல்லல. தடவுறீங்களே."

"தடவுனா ஒனக்கு ஏன் குத்துது?"

நாகராசு சிரிச்சுக்கிட்டே சைக்கிள்ல ஏறிட்டான். அவனுக்கு இது பழக்கம். சூசைமாணிக்கம் அப்படிப்பட்ட ஆளுன்னு ஊருக்கே தெரியும். உர மூட்டை வாங்குனா வீட்டுக்கு வந்து மறுபடி நிறுத்துப் பாப்பாரு. டாக்டர் ஊசி போட்டா காலிக் குப்பியக் கேட்டு வாங்கி வெளிச்சத்துல பாப்பாரு. கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தா, அடுத்த ஆளு உள்ள போனதும் சாமியாரு நம்ம சங்கதியச் சொல்லிருவாரோன்னு கொஞ்ச நேரம் தூணோரமா காதக் குடுத்துக்கிட்டு நிப்பாரு. கெட்ட மனுஷன் இல்ல. யாரையும் ஏமாத்துனதும் இல்ல. ஆனா உலகம் பூரா தன்ன ஏமாத்தத்தான் காலையில எந்திரிக்குதுன்னு அவருக்கு ஒரு நெனப்பு.

கடுதாசி அவரோட ஒரே மக அமலோற்பவம் எழுதுனது. வீட்டுல அமலி. திருச்சியில நர்சுக்குப் படிச்சா. நல்லாப் படிக்கிற பொண்ணுன்னு அங்க இருந்த கன்னியாஸ்திரி மதர்ங்கதான் எழுதிப்போட்டு, சிகாகோவுல ஒரு ஆஸ்பத்திரியில மேல்படிப்புக்கு எடம் வாங்கிக் குடுத்தாங்க. போயி ரெண்டு வருஷம் முடியப்போகுது.

சூசைமாணிக்கம் பொண்டாட்டி சந்தனமேரியக் கூப்பிட்டு உக்கார வச்சுப் படிச்சாரு. சந்தனமேரிக்கு எழுத்து தெரியாது. கடுதாசி படிக்கையில கண்ண மூடிக்கிட்டுக் கேக்கும்.

"'அப்பாவுக்கும் ஆத்தாவுக்கும் அமலி எழுதுறது. எனக்கு இங்க குடுத்துருக்குறது படிக்க வர்றவங்களுக்கான விசா. ஆகஸ்டோட படிப்பும் முடியுது, விசாவும் முடியுது. அதுக்கப்பறம் என்ன செய்யலாம்னு ஆபீஸ்ல வெசாரிச்சேன். மூணு வழி இருக்கு. மொத வழி, ஊருக்கு வந்துடுறது. வந்தா ரெண்டு வருஷம் ஊர்ல இருந்த பெறகுதான் அமெரிக்காவுல தங்குறதுக்கு மனுவே போட முடியும். ரெண்டாவது, போகாம இங்கயே தங்குறது. அப்புடித் தங்குறதுக்கான விசா இந்தியா முழுசுக்கும் வருஷத்துக்கு நூறு பேருக்குத்தான். என்ன மாதிரி படிக்க வந்தவங்களுக்கு அதுவும் கெடைக்காது. மூணாவது கனடா. அங்க இந்த வருஷம் சட்டத்த மாத்திட்டாங்க. எந்த நாட்டுக்காரங்களா இருந்தாலும் தொழில் தெரிஞ்சா மனுப் போடலாம். ஒரு ஆஸ்பத்திரியில என்னை எடுத்துக்குறேன்னு சொல்லியிருக்காங்க, மேல படிக்கவும் வைப்பாங்க...'"

இதையெல்லாம் கடகடன்னு படிச்சுக்கிட்டு வந்தவரு, அடுத்த வரியில வண்டி நின்ன மாதிரி நின்னுட்டாரு.

"என்னங்க? மேல படிங்க."

"'அதனால என் ஞானஸ்நானச் சீட்ட பங்குச்சாமியார்கிட்ட எழுதி வாங்கி, ஏர்மெயில்ல ரிஜிஸ்தர் பண்ணி அனுப்புங்க. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துல இருக்குற பெறந்த தேதி போதாதாம். பெறந்தப்பவே கோயில்ல எழுதுன பதிவு வேணுமாம். ஜூன் முப்பதுக்குள்ள நான் குடுத்தாகணும். அதுவரைக்கும்தான் எனக்கு எடம் வச்சிருப்பாங்க.'"

படிச்சு முடிச்சுட்டு சந்தனமேரி மொகத்தப் பாத்தாரு. சந்தனமேரியும் கண்ணத் தொறந்து பாத்துச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே நெனப்புத்தான் ஓடுச்சு.

ஆவூர்ல ஒரு பொண்ணோட ஞானஸ்நானச் சீட்டு எப்ப வெளிய போகும்னு சின்னப்புள்ளைக்கும் தெரியும். வேற ஊருப் பங்குக் கோயில்ல மாப்பிள்ளை அமஞ்சா, பொண்ணப் பெத்தவரு உபதேசியார்கிட்டப் போயிச் சீட்டு எழுதி வாங்கி, மாப்பிள்ளை வீட்டாரு கையில குடுப்பாரு. அது அந்த ஊரு சாமியாருக்குப் போகும். பெறகு ரெண்டு கோயில்லயும் மூணு ஞாயித்துக்கெழமை ஓலை வாசிப்பாங்க. இன்னாரு மகளுக்கும் இன்னாரு மகனுக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு. வேற எதுக்கும் யாரும் அந்தச் சீட்ட எழுதி வாங்கி அவரு பாத்ததில்ல.

"கல்யாணம்னா கல்யாணம்னு எழுத மாட்டாளா?"ன்னுச்சு சந்தனமேரி.

"எழுதுவாளா? ஒன் மகளாச்சே."

"அதென்ன, நல்லது பண்ணுனா ஒங்க மக, இதுன்னா எம் மகளா?"

"பாஸ்போட்டு எடுக்கையில எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் போதும்னான். அமெரிக்காவுக்குப் போகையிலயும் போதும்னான். இப்ப மட்டும் ஏன் போதல? மூணு வழின்னு எழுதியிருக்கா பாரு. நாலாவது வழி ஒண்ணு இருக்கு. அத எழுதாம விட்டுருக்கா."

"என்ன நாலாவது?"

"அந்த ஊர்க்காரனக் கட்டிக்கிட்டா எவன் போகச் சொல்லுவான்?"

சந்தனமேரி நெத்தியில சிலுவை போட்டுக்கிச்சு.

அன்னிக்கு சாயங்காலம் சூசைமாணிக்கம் சொவத்துல மாட்டியிருந்த போட்டாவக் கழட்டி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டாந்தாரு. கிறிஸ்மசுக்கு அமலி அனுப்புன படம். பனியில கனத்த கோட்டு போட்டுக்கிட்டு நின்னு சிரிக்கிறா. மாட்டுனப்ப யாரும் உத்துப் பாக்கல. இப்பப் பாத்தா, படத்தோட எடது ஓரம் நேரா இல்ல. கத்திரி வச்சு வெட்டுன மாதிரி இருக்கு. அதுமட்டுமா, அமலியோட தோள்பட்டை மேல ஒரு கை. கனத்த கோட்டுக் கை, உறை மாட்டுன வெரலு. ஆம்பளைக் கையா பொம்பளைக் கையான்னு சொல்ல முடியல. கைக்கு ஒடமைப்பட்ட ஆளு, வெட்டுப்பட்டுப் போன பக்கத்துல இருக்கான்.

"ஏய் சந்தனம், இங்க வா. இது யாரு கை?"

சந்தனமேரி பாத்துச்சு. "யாருன்னு தெரியலயே."

"தெரியக் கூடாதுன்னுதானே வெட்டியிருக்கு."

மறுநாளு உபதேசியார் ராயப்பனப் பாக்கப் போனாரு. பங்குல எழுத்து வேலையெல்லாம் அவருதான். கோயிலுக்குப் பின்னாடி சின்ன ரூமுல, புஸ்தகத்துக்கு அட்டை போட்டுக்கிட்டு இருந்தாரு.

"அண்ணே, அமலிக்கு ஞானஸ்நானச் சீட்டு வேணும்."

ராயப்பன் தலையத் தூக்கி ஒரே கேள்விதான் கேட்டாரு. "எந்தப் பங்கு மாப்பிள்ளை?"

"மாப்பிள்ளையெல்லாம் இல்லண்ணே. விசாவாம்."

"விசாவுக்கா? ஞானஸ்நானச் சீட்டா?" ராயப்பன் மூக்குக்கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "சரி சரி. சொல்ற நேரத்துல சொல்லு. நாங்க என்ன வேத்தாளா?"

"நெசமா விசாதாண்ணே."

"நான் இல்லன்னா சொன்னேன்?"

சொல்லிட்டு ராயப்பன் சிரிச்ச சிரிப்புத்தான் சூசைமாணிக்கத்துக்கு முள்ளு மாதிரி ஏறிப்போச்சு. மக்யா நாளு, மே மாசம் நாலாந்தேதி, லத்தீன்ல எழுதுன சீட்டுல பங்குச்சாமியாரு கையெழுத்துப் போட்டு முத்திரை வச்சுக் குடுத்தாரு. எதுக்குன்னாரு, விசாவுக்கு சாமின்னாரு இவரு. சாமியாரு நல்லதுன்னு சொல்லிட்டு, சாவு வீட்டுக்குப் போக வண்டி நிக்குதுன்னு கெளம்பிட்டாரு. வேற ஒரு கேள்வியும் கேக்கல. ஏன் கேக்கல? அவருக்கு முன்னாடியே தெரியுமோ? வீடு வரைக்கும் சூசைமாணிக்கம் அதையே யோசிச்சுக்கிட்டு நடந்தாரு. திரும்பிப் போயி கேட்டுருக்கலாம். கேட்டா என்ன பதில் வருமோன்னு பயம்.

ஒரு வாரம் சீட்டு அவரு சட்டைப்பையிலயே கெடந்துச்சு. பெறகு டிரங்குப் பெட்டியில சந்தனமேரியோட கல்யாணப் பொடவைக்கு அடியில வச்சுப் பூட்டிட்டாரு. நேரா இல்லன்னு சொல்ற தைரியமும் இல்ல, அனுப்புற மனசும் இல்ல. சீட்டு போகலன்னா கல்யாணம் நடக்காது, தேதி தாண்டுனா தன்னால வீட்டுக்கு வந்துருவான்னு ஒரு கணக்கு. பொண்டாட்டிகிட்ட, "திருச்சியில போயி ரிஜிஸ்தர் பண்ணிட்டேன்"னாரு.

"ரசீது குடுத்திருப்பானே, எங்க?"

"ரசீத வச்சு நீ என்ன படிக்கவா போறே?"

"படிக்கத் தெரியாது. பாக்கத் தெரியும்ல."

"சட்டைப்பையில இருந்துச்சு. வெளுக்கப் போட்டதுல போச்சு."

சட்டைய வெளுக்குறது சந்தனமேரிதான்.

அதுலேருந்து ஞாயித்துக்கெழமை வந்தாலே சூசைமாணிக்கம் கோயில்ல கடைசி வரிசைக்குப் போயிருவாரு. பூசையில பிரசங்கம் முடிஞ்சதும் உபதேசியாரு எந்திரிச்சு ஓலை வாசிப்பாரு. கல்யாணம் கடல் தாண்டி நடந்தாலும் பொண்ணு ஊரு கோயில்லயும் வாசிக்கணும்ல? ஊரு முழுக்க மண்டி போட்டுருக்கையில, ஆவூர் சூசைமாணிக்கம் மகள் அமலோற்பவத்துக்கும்னு ஆரம்பிச்சு, வாயில நொழையாத ஒரு வெள்ளக்காரப் பேரு வந்து விழுந்தா? பெறகு எந்த மொகத்தோட வெளிய வாரது?

ஜூன் மாசம் மூணாவது வாரத்துல அடுத்த கடுதாசி வந்துச்சு. இந்தத் தடவ அவரு மொதல்ல தனியாப் படிச்சுக்கிட்டாரு.

"'அப்பா, சீட்டு இன்னும் வரல. எப்ப அனுப்புனீங்க? ஒருவேளை தபால்ல தொலஞ்சுருந்தா இன்னொண்ணு எழுதி வாங்கி ஒடனே அனுப்புங்க. என்கூடப் படிக்கிற ஏலியம்மாவுக்கு வந்துருச்சு. அவ மனு குடுத்துட்டா. நான் தெனமும் தபால்காரன் வர்ற நேரத்துக்கு வாசல்ல போயி நிக்கிறேன். ரெண்டு வருஷம் படிச்ச படிப்பு வீணாப் போகக் கூடாதுப்பா...'"

இன்னும் நெறைய எழுதியிருந்தா. சந்தனமேரி வந்து உக்காந்து கண்ண மூடிக்கிச்சு. சூசைமாணிக்கம் தொண்டையச் செருமிக்கிட்டு, "சொகமா இருக்காளாம். சீட்டு வந்து சேந்துருச்சாம். மழை பெய்யுதாம்"னாரு.

சந்தனமேரி கண்ணத் தொறந்துச்சு. தாளப் பாத்துச்சு. ரெண்டு பக்கமும் நெறஞ்சு, மடிக்கிற ஓரத்துல கூட எழுத்து.

"இம்புட்டு எழுத்துக்கு இம்புட்டுத்தானா?"

"மழையப் பத்தி விரிச்சு எழுதியிருக்கா."

"அப்புடியா?"

"என்ன அப்புடியா? நான் பொய் சொல்றேனா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே. நீங்கதான் சொல்றீங்க."

இந்தக் கடுதாசியும் பெட்டிக்குள்ள போச்சு. பெட்டிச் சாவி எப்பவும் மாடத்துல கெடக்கும். இப்ப அத அரைஞாண் கயித்துல முடிஞ்சுக்கிட்டாரு. சனிக்கெழமை எண்ணெய் தேச்சுக் குளிக்கையில மட்டும் கழட்டி, கெணத்தடிக்குப் போற வழியில ஆணியில மாட்டுனாரு. திரும்பி வாரப்ப சாவி மாட்டுன எடத்துலயேதான் இருந்துச்சு. இருந்தாலும் வளையம் வலப்பக்கம் திரும்பியிருந்த மாதிரி ஒரு சந்தேகம்.

திங்கக்கெழமை காலையில சந்தனமேரி நல்ல பொடவை கட்டி நின்னுச்சு. "திருச்சிக்குப் போயி எந் தங்கச்சியப் பாத்துட்டு சாயங்காலம் வந்துடுறேன்"னுச்சு.

"ஒந் தங்கச்சிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. பாக்கணும் போல இருந்துச்சு."

நாலு வருஷமா பாக்கணும் போல இல்லாத தங்கச்சி. சூசைமாணிக்கம் பஸ் வர்ற வரைக்கும் கூடவே போயி நின்னாரு. சந்தனமேரி கையில ஒரு மஞ்சப்பை, அதுல ரெண்டு முருங்கைக்காய் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அவ்வளவுதான் அவருக்குத் தெரிஞ்சது.

நாலு நாளு கழிச்சுப் பெட்டியத் தொறந்தாரு. பொடவை இருந்துச்சு, பத்திரம் இருந்துச்சு. சீட்டும் இல்ல, கடுதாசியும் இல்ல.

பொடவைய ஒதறிப் பாத்தாரு, பெட்டியக் கவுத்துப் பாத்தாரு. எந்தத் திருடன் பட்டுப்பொடவைய விட்டுட்டு ஞானஸ்நானச் சீட்ட எடுப்பான்? நாகராசு மேல ஒரு நிமிஷம் சந்தேகம், ராயப்பன் மேல ஒரு நிமிஷம். கடைசியில அடுப்படியில முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்துருந்த சந்தனமேரி மேல வந்து நின்னுச்சு. ஆனா எழுத்து தெரியாதே, எது சீட்டுன்னு எப்புடித் தெரியும்? முத்திரைய வச்சுக் கண்டுபுடிச்சுருக்குமோ?

கேக்கலாம்தான். எப்புடிக் கேக்குறது? "பெட்டியில இருந்த சீட்டு எங்க?"ன்னா, "திருச்சியில ரிஜிஸ்தர் பண்ணுன சீட்டு பெட்டிக்குள்ள எப்புடி வந்துச்சு?"ன்னு திருப்பிக் கேக்காதா?

அவரு கேக்கல. சந்தனமேரியும் சொல்லல. சோறு போட்டுச்சு, இவரு தின்னாரு. ரெண்டு மாசம் அந்த வீட்டுல ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே செபமாலை சொன்னாங்க.

ஜூலையில ஒரு ஞாயித்துக்கெழமை ராயப்பன் எந்திரிச்சு, "ஆவூர்ப் பங்கைச் சேர்ந்த சூசை..."ன்னு ஆரம்பிச்சாரு. சூசைமாணிக்கம் முன்னாடி இருந்த ஆளோட துண்டப் புடிச்சுக்கிட்டாரு. "...ரத்தினம் மகள் அன்னம்மாளுக்கும், குளத்தூரைச் சேர்ந்த..." மேல அவரு காதுல விழல. துண்டுக்காரன் திரும்பி, "என்ன சித்தப்பா, மயக்கமா?"ன்னான்.

ஆகஸ்டு கடைசியில தந்தி வந்துச்சு. அமலி பம்பாய் வந்துட்டா, அடுத்த சனிக்கெழமை ரயில்ல திருச்சி வாரா.

சூசைமாணிக்கம் திருச்சி ஸ்டேஷன்ல ஒரு மணி நேரம் முன்னாடியே போயி நின்னாரு. ரயிலு நின்னுச்சு. அமலி எறங்குறதுக்கு முன்னாடி ஒரு பெரிய பெட்டி எறங்குச்சு. அந்தப் பெட்டியத் தூக்கி எறக்குனது செக்கச்செவேல்னு ஒரு வெள்ளக்காரன். அமலி அவன்கிட்ட ஏதோ இங்கிலீஷ்ல சொன்னா. அவன் தொப்பியத் தூக்கிட்டு, கழுத்துல தொங்குன கேமராவப் புடிச்சுக்கிட்டு அங்கிட்டு நடந்தே போயிட்டான்.

"யாரும்மா அது?"

"தெரியலப்பா. சித்தன்னவாசல்ல சித்திரம் பாக்கப் போறாராம். பெட்டி கனமா இருக்குன்னு எறக்கிவிட்டாரு. எப்புடிப்பா இருக்கீங்க?"

அவரு அந்த வெள்ளக்காரன் கேட்டுக்கு வெளிய போயி மறையிற வரைக்கும் பாத்துக்கிட்டுத்தான் நின்னாரு.

வீட்டுக்கு வந்து, ஆத்தாளும் மகளும் கட்டிப்புடிச்சு அழுது, சாப்புட்டு முடிஞ்சதும் அமலி கைப்பையத் தொறந்து ஒரு உறைய எடுத்து அப்பா முன்னாடி வச்சா. ஸ்டாம்பு ஒட்டுன ஏர்மெயில் உறை. காலி.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். சீட்டுல சாமியாரு போட்ட தேதி மே நாலு. இந்த உறையில திருச்சி போஸ்டாபீஸ் முத்திரை ஜூன் இருபத்தஞ்சு. நடுவுல அம்பத்திரண்டு நாளு. நான் எண்ணிப் பாத்தேன். இந்த அம்பத்திரண்டு நாளும் சீட்டு எங்க இருந்துச்சு?"

சூசைமாணிக்கம் சந்தனமேரியப் பாத்தாரு.

"என்ன ஏன் பாக்குறீங்க?"ன்னுச்சு சந்தனமேரி. "கடைசி ரெண்டு நாளு எங்கிட்ட இருந்துச்சு. பெட்டியிலேருந்து எடுத்துட்டுப் போயி நம்ம ஊரு ஸ்கூல் சொர்ணம் டீச்சர்கிட்டக் காட்டுனேன். அதுதான் கடுதாசியும் படிச்சுச் சொன்னுச்சு. மழைன்னு ஒரு சொல்லு கூட அதுல இல்ல. தெனமும் வாசல்ல நிக்கிறேன்னு எம்புள்ள எழுதியிருக்கு. டீச்சரே உறையில வெலாசம் எழுதிக் குடுத்துச்சு, நான் போயி தபால்ல சேத்தேன்."

அமலி சொன்னா. "அஞ்சு நாளுதாம்பா லேட்டு. ஜூலை அஞ்சாந்தேதி வந்துச்சு. ஓடிப் போயி கனடா ஆபீஸ்ல குடுத்தேன். சீட்ட வாங்கி வச்சுக்கிட்டு, தேதி போச்சு, எடத்த வேற ஆளுக்குக் குடுத்தாச்சுன்னுட்டாங்க. எதுக்குப்பா வச்சுக்கிட்டீங்க?"

"நீ அங்க யாரையோ..." அவரு உறையத் தள்ளி வச்சாரு. "ஞானஸ்நானச் சீட்டு எதுக்குக் கேப்பாங்கன்னு ஊருக்கே தெரியும்."

அமலி கொஞ்ச நேரம் புரியாமப் பாத்தா. புரிஞ்சதும் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டே இருந்தவ கண்ணு நெறஞ்சு வழிஞ்சுச்சு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு எழுதியிருக்கலாம்லப்பா?"

"கேட்டா சொல்லியிருப்பியா?"

"சொல்லிட்டுத்தானே கேட்டேன்! மூணு வழியையும் பிரிச்சுப் பிரிச்சு எழுதுனேனே. படிக்கலையா?"

"படிச்சேன். அதுல நாலாவது இல்ல."

"நாலாவது என்னது?"

அவரு எந்திரிச்சுப் போயி சொவத்துல இருந்த போட்டாவக் கழட்டிக் கொண்டாந்து அவ கையில குடுத்தாரு. "சரி, இது யாரு கை?"

"அய்யோ, இத வேற பாத்துக்கிட்டு இருந்தீங்களா? ஏலியம்மா கைப்பா. கோட்டயத்துப் பொண்ணு. ஒரு படந்தான் எடுத்தோம். வீட்டுக்கு அனுப்பணும்னு ரெண்டா வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டோம். மறுபாதி அவங்க வீட்டுல தொங்குது. அதுல என் முழங்கை தெரியும். அவங்க அப்பா இது எவன் முழங்கைன்னு கேக்கல. சீட்டக் கேட்டா, பத்து நாளுல அனுப்பிட்டாரு. ஏலியம்மா இந்நேரம் கனடாவுல இருக்கா."

சந்தனமேரி போட்டாவ வாங்கி மறுபடி சொவத்துல மாட்டிட்டு வந்து உக்காந்துச்சு.

"இனிமே என்ன வழி?"ன்னு சூசைமாணிக்கம் கேட்டாரு.

"அமெரிக்காவுக்கு ரெண்டு வருஷம் வாயத் தொறக்க முடியாது. கனடாவுக்கு இங்கேருந்தே டெல்லி ஆபீசுக்கு எழுதலாம். ஒரு வருஷம் ஆகுமோ, கூட ஆகுமோ. கெடைக்கும்னும் சொல்ல முடியாது. அதுவரைக்கும் திருச்சி ஆஸ்பத்திரிக்கே வேலைக்குப் போறேன்." காலி உறைய எடுத்துக் கைப்பையில வச்சா. "டெல்லிக்கு எழுதுற மனுவுக்கும் ஞானஸ்நானச் சீட்டு வேணும். நானே போயி வாங்கிக்கிறேன்."

"வேண்டாம். நான் போறேன்."

"நீங்களா?"

மகளும் சந்தேகமாப் பாத்தா. அது அவருக்கு நல்லா வலிச்சுச்சு.

மறுநாளு பூசை முடிஞ்சு சூசைமாணிக்கம் அந்தச் சின்ன ரூமுக்குப் போனாரு. ராயப்பன் பேனாவ எடுத்துக்கிட்டே, "ஊருக்கே வந்துருச்சே பொண்ணு. இப்ப எந்தப் பங்கு மாப்பிள்ளை?"ன்னாரு.

"மாப்பிள்ளை இல்லண்ணே. விசா."

"ஆமாமா. போன தடவையும் அதான சொன்னே."

"நெசமாத்தாண்ணே விசா!"

"நான் இல்லன்னா சொன்னேன்?" அதே சிரிப்பு.

உள்ள பங்குச்சாமியாரு கையெழுத்துப் போடையில சூசைமாணிக்கம் நாலு மாசமா தொண்டையில நின்ன கேள்விய கடைசியாக் கேட்டாரு. "சாமி, வெளிநாட்டுல ஒரு பொண்ணு கல்யாணம் பண்ணுனா, சீட்டுக்கு யாரு எழுதுவா?"

சாமியாரு நிமிந்து பாத்தாரு. "அந்தக் கோயில் சாமியாரு எனக்குத்தான் நேரா எழுதுவாரு. நானும் நேரா அவருக்குத்தான் அனுப்புவேன். பொண்ணு எழுதிக் கேட்டு, தகப்பன் கையில வாங்கி அனுப்பணும்னா அது ஆபீஸ் வேலைக்குத்தான். ஏங் கேக்குறீங்க?"

"சும்மாத்தான் சாமி."

மே மாசம் இத ஒரு வார்த்தை கேட்டுருந்தா போதும். ஒரு நிமிஷ வேலை.

அங்கேருந்து நேரா பஸ் புடிச்சுத் திருச்சிக்குப் போனாரு. ஞாயித்துக்கெழமை போஸ்டாபீஸ் பூட்டியிருந்துச்சு. வீட்டுக்கு வந்தா மறுபடி சட்டைப்பையில ஒரு ராத்திரி சீட்டு இருக்கும், அது வேண்டாம்னு மச்சினி வீட்டுலயே படுத்து, காலையில மொத ஆளாப் போயி, சனிக்கெழமை ராத்திரியே அமலி எழுதிக் குடுத்துருந்த மனுவோட சேத்து டெல்லிக்கு ரிஜிஸ்தர் பண்ணுனாரு. கிளார்க்கு முத்திரை குத்துற வரைக்கும் கம்பிய விட்டு நகரல. ரசீத மடிச்சு, உள்பனியன்ல சொருகி, பஸ்ல வர்ற வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டாரு.

வீட்டுக்கு வந்து அத சந்தனமேரி கையில குடுத்தாரு. "இந்தா. ரசீது."

சந்தனமேரி வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோயி முன்னும் பின்னும் திருப்பிப் பாத்துச்சு. முத்திரைய நகத்தால தடவிப் பாத்துச்சு.

"இது எங்க போன ரசீது?"

"டெல்லிக்கு."

"எழுதியிருக்கா?"

"அதுலதான் எழுதியிருக்கே, பாரு."

"நான் என்னத்தப் பாக்குறது?" சந்தனமேரி ரசீத முந்தானையில முடிஞ்சுக்கிச்சு. "சொர்ணம் டீச்சர் ஸ்கூல் விட்டு வரட்டும். படிச்சுச் சொல்லட்டும். அப்பறம் சோறு போடுறேன்."

சூசைமாணிக்கம் செவுத்தோரமா உக்காந்தாரு. ஸ்கூல் மணி அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் கெடந்துச்சு.